போர்ட்டிகோவில் எப்போதும் ஒரு வண்டி

சத்தம் கேட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை இரவு பதினொன்றேகாலுக்கு எங்கள் தெருமுனை வேகத்தடையில் கேட்ட 'க்ர்ர்ரீச்' எனக்கே புதிது. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பாப்பாகூடப் புரண்டு படுத்தாள். வந்து நின்றது என் கணவர் ஜெரால்டின் வண்டிதான். அவருக்கு எதுவும் கேட்கவில்லையாம். "ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு என்ன கேக்கும்? உனக்குத் தவளை கத்தினாலே திருடன் இருமுற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அம்பத்தூரில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் நான் சர்வீஸ் அட்வைஸர். பெயர்தான் பெரிசு. வண்டி கொண்டு வருகிறவர் சொல்லும் குறையை 'ஜாப் கார்டு' என்கிற அட்டையில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த 'க்ர்ர்ரீச்'சில் போய் முடிந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் எங்கள் தொழிலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கான்வென்ட்டில் படித்ததால் எதற்கும் தலைப்புப் போட்டு ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுக்கிற வியாதி எனக்கு உண்டு. இரவில் கணவரின் வண்டிக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும் சகோதரிகள் பொறுத்துக்கொள்வீர்கள்.

சொன்னதைச் சொன்னபடியே

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். "காலைல எழுப்பினா வண்டி ஒரு மாதிரி இருமுதும்மா. ரெண்டு தடவ இருமிட்டுத்தான் வேலைக்கு வருது" என்றார். நான் சிஸ்டர்கள் பழக்கிய சாய்ந்த கையெழுத்தில், அழகான ஆங்கிலத்தில், 'காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் அட்டை திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் பாஸ்கர் அண்ணன், எங்கள் தலைமை மெக்கானிக். ஆவடிக்காரர். விரலில் எப்போதும் கிரீஸ், காதில் எப்போதும் பேனா. அட்டையைக் கறை படாமல் ஓரத்தில் பிடித்து என் மேஜையில் வைத்தார். "இங்கிலீஷ்ல எய்தினா எல்லா வண்டிக்கும் ஒரே நோவுதாம்மா. அவுரு இருமுதுன்னு சொன்னாரா? இருமுதுன்னே எய்து. இருமல் வேற, விக்கல் வேற."

கூட உட்கார்ந்து கேட்க வேண்டும்

எழுதுவதற்கு முன் அந்தச் சத்தத்தை நாமே கேட்டுவிட வேண்டும் என்பது அடுத்த விதி. கஸ்டமர் ஓட்டுவார், எங்களில் ஒருவர் பின்னால் உட்காருவோம். ஏனென்றால் சில சத்தங்கள் சொந்தக்காரர் கையில்தான் வரும். பூந்தமல்லியிலிருந்து ஒரு டீச்சர் ஸ்கூட்டரோடு வந்தார். பின்னாலிருந்து விடாமல் ஒரு சத்தம் வருகிறதாம். பாஸ்கர் அண்ணன் உட்கார்ந்து போய் வந்தார். சத்தம் இல்லை. நான் உட்கார்ந்து போனேன். டீச்சர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை இரண்டு சுற்று சுற்றினார். சத்தம் இல்லை.

"தினம் யார் பின்னால உட்காருவாங்க?" என்று கேட்டேன். கூடவே வந்திருந்த அவர் கணவரைக் காட்டினார். அவரை ஏற்றி, நாங்கள் இன்னொரு வண்டியில் ஒட்டியே போனோம். "மெதுவா... மெதுவா... பஸ்ஸு வர்றான்... பிரேக்கப் பிடி... மெதுவா..." என்று அவர் கேட் வரைக்கும் ஓயவில்லை. டீச்சர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பின்னாலருந்து சத்தம் வருதுன்னுதான் நான் சொன்னேன். வண்டிலருந்துன்னு சொன்னேனா?"

சேறு

காட்டு வண்டி என்று நாங்கள் சொல்வது ஒரு ரகம். தார் ரோட்டிலும் ஓடும், மண் மேட்டிலும் ஏறும். ஒட்டகம் மாதிரி உயரம், முன்சக்கரத்துக்கு மேலே அலகு மாதிரி ஒரு மட்கார்டு. வாங்குகிறவர்கள் எல்லோரும் மலைக்குப் போகத்தான் வாங்குகிறார்கள். போவது பெரும்பாலும் ஆவடி மார்க்கெட்டுக்கு. அதிலும் ஒருவர் உண்மையாகவே ஏலகிரி வரை போய்விட்டு நேராக எங்களிடம் வந்தார். வண்டி மண் பொம்மை மாதிரி இருந்தது. ஆயில் மாற்ற வேண்டும், செயின் இறுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். 'வாட்டர் வாஷ்' என்று நானே எழுதப் போனபோது பதறிப் போய் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "சேத்த மட்டும் கழுவிடாதீங்க மேடம். ஆபீஸ்ல இன்னும் யாரும் பாக்கல."

இன்னொன்று

ஜெரால்டிடமும் மூன்று வருடமாக ஒரு காட்டு வண்டி இருக்கிறது. சாம்பல் நிறம். எங்கள் வீடு வேப்பம்பட்டில், ஸ்டேஷனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. சுற்றிலும் காலி மனைகள். மழை வந்தால் எது தெரு, எது மனை என்று வண்டிக்குத்தான் தெரியும். அவருக்கு வேலை திருமழிசை எஸ்டேட்டில். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் இரண்டாவது ஷிஃப்ட். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் வீடு திரும்பப் பதினொன்று தாண்டிவிடும்.

வெளிநாடு போகிற ஒரு கஸ்டமர், விற்றுக் கொடுக்கச் சொல்லித் தன் வண்டியை எங்களிடம் விட்டுப் போனார். ஜெரால்டின் வண்டியேதான், அதே சாம்பல், வருடம் மட்டும் பிந்தியது. "இதை நாம வாங்கிடலாம்" என்று வீட்டில் சொன்னது அவர் இல்லை, நான். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டும் ஒண்ணுதானே ஷெர்லி? பழசுல பெட்ரோல் கார்புரேட்டர் வழியா போகுது, புதுசுல இன்ஜெக்‌ஷன் வழியா. வேற என்ன இருக்கு? ஒரே மாதிரி ரெண்டு சட்டை எடுக்கிற மாதிரி." நான் விடவில்லை. ஒன்று சர்வீஸுக்குப் போனால் இன்னொன்று ஓடும், ஒன்று பஞ்சரானால் இன்னொன்று இருக்கும் என்று கஸ்டமரிடம் பேசுகிற மாதிரி அடுக்கினேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: வாங்கி, ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது, பிறகு இரண்டையும் வைத்துக்கொள்வதா, ஒன்றை விற்பதா என்று முடிவு செய்வது.

விஷயம் தெரிந்ததும் ஒர்க்‌ஷாப்பே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. பாஸ்கர் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னாம்மா நீ! நான் ரெண்டாவதா ஒரு ஹெல்மெட்டு வாங்கினதுக்கே எங்கூட்ல மூணு நாளு பேச்சு கெடையாது. நீ வண்டியே வாங்கினு போவ சொல்ற. ஜெரால்டு தம்பி போன ஜென்மத்துல இன்னா பண்ணாரோ!"

வாட்ச்மேன்

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டாவது வண்டி ஜெரால்டுக்காக இல்லை, எனக்காக. பாப்பா பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாமே பயம். காலி மனையில் டார்ச் தெரிந்தால் பயம், தெரியாமல் யாராவது நடந்தால் அதைவிடப் பயம். நாய் வளர்க்கலாம் என்றால் நாயும் பயம். தாழ்ப்பாளையும் போட முடியாது. போட்டுவிட்டு நான் தூங்கிப் போனால் அவர் வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் அவர் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும்விட மோசம், காலியான போர்ட்டிகோ. 'இந்த வீட்டில் இப்போது ஆம்பளை இல்லை' என்று போர்டு எழுதி மாட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். அதற்குத்தான் அதே சாம்பல். முன்பே ஆரஞ்சு நிறத்தில் நல்ல வண்டி ஒன்று விலைக்கு வந்தது. நான் வாயே திறக்கவில்லை. காலையில் சாம்பல், மாலையில் ஆரஞ்சு என்றால் நோட்டம் விடுகிறவனுக்குப் புரிந்துவிடாதா? அதோடு நிற்காமல், தினம் ஏழு மணிக்கு பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிற்கிற வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு முறுக்கு முறுக்கி அணைப்பேன். ஆம்பளை இருக்கிற வீட்டுச் சத்தம்.

மூன்றாவது வாரம், இரண்டு மனை தள்ளி இட்லி மாவு விற்கும் கோமதி அக்கா மாவு கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காத ஷெர்லி. எப்பப் பாத்தாலும் உங்க வீட்டுக்காரர் வண்டி வீட்லயே நிக்குது. வேலை போயிடுச்சா? எங்க வீட்டுக்காரர் கம்பெனில வாட்ச்மேனுக்கு ஆள் கேக்கறாங்க, சொல்லி வைக்கட்டுமா?"

கஸ்டமர் நானே

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில்தான் 'க்ர்ர்ரீச்' வந்தது. மறுநாள் காலை, "நேத்து எந்த வண்டியில வந்தீங்க?" என்று கேட்டேன். பல் தேய்த்துக்கொண்டே, "பழசுதான்னு நினைக்கிறேன்" என்றார். ஆணியில் இரண்டு சாவி தொங்கும். கையில் வருகிறதை எடுத்துக்கொண்டு போகிறவர் அவர். ஊரார் வண்டியில் எல்லாம் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் நான், என் வீட்டு வண்டியில் உட்காரவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் 'நினைக்கிறேன்' என்றதை அப்படியே அட்டையில் எழுதிவிட்டேன்: பழைய வண்டி, முன் பிரேக் கீறல் சத்தம், பேட் மாற்றவும்.

பேட் என்பது விரல் நீளத் துண்டு. முன்சக்கரத்து டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வி வண்டியை நிறுத்துவது அதுதான். தேய்ந்து போனால் இரும்போடு இரும்பு உரசும். புதன்கிழமை ஜெரால்டுக்கு விடுமுறை. நான் வழக்கம்போல் ரயிலில் வந்துவிட, அவர் பழைய வண்டியை அம்பத்தூருக்குக் கொண்டு வந்தார். பாஸ்கர் அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேடு நல்லாத்தானே கீது?" என்றார். சொல்கிறவர் சீனியர் மெக்கானிக் ஆயிற்றே, நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கஸ்டமர் கம்ப்ளெயின்ட் அண்ணே, அட்டையில எழுதினதைச் செய்யுங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்ப் புதுசு போட்டார். சாயங்காலம் கழற்றின பழைய பேடை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். நிஜமாகவே மாற்றினோம் என்று தெரிவதற்காக எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தான் கொடுப்போம். "இந்தாம்மா, ஒன் கஸ்டமராண்ட குடுத்துடு. நல்ல பேடத் தூக்கிப் போடச் சொன்ன மொத கஸ்டமரு அவங்கதான்னும் சொல்லிடு."

கவருக்குள் இருந்தது

வியாழக்கிழமை ஜெரால்டுக்கு மறுபடி இரண்டாவது ஷிஃப்ட். ஆவடியில் அக்கா வீட்டிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, ரயில் பிடித்து, வீடு வந்து, சோறு ஊட்டித் தூங்க வைக்கப் போனேன். அவள் என் பையிலிருந்து அந்தக் கவரை இழுத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். கரி ஒட்டுமே என்று பிடுங்கினேன். கைக்குக் கனமாக இருந்தது. வெளியே எடுத்து லைட்டில் பார்த்தேன். பாதிகூடத் தேயவில்லை. பாஸ்கர் அண்ணன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு டார்ச்சோடு வெளியே ஓடினேன். போர்ட்டிகோவில் பழைய வண்டி நின்றது, பளபளவென்று புதுப் பேடோடு, எங்கேயும் போகாமல். அப்படியானால் திங்கட்கிழமை கீறிக்கொண்டு வந்தது மற்றது. இரண்டு இரும்புத் தகட்டை நம்பி என் கணவர் லாரி ஓடும் ரோட்டில் போயிருப்பது அதில்தான். எது எது என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒரே நிறத்தில் வாங்கிய புத்திசாலி நான். கண்டுபிடிக்காமல் போனதும் நான்தான்.

போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். 'மெதுவா வாங்க, அந்த வண்டியில பேட் இல்ல' என்று மெசேஜ் போட்டேன். அவர் மெசேஜ் பார்ப்பது வீட்டுக்கு வந்து காலை நீட்டிய பிறகுதான் என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். திட்டவில்லை. "அயுவாத. பின்பிரேக்கு கீது, ஜெரால்டு தம்பியும் ஒண்ணும் கொயந்த இல்ல. தேஞ்ச பேடு நிக்காதுன்னு யாரு சொன்னது? நிக்கும். கத்திகினே நிக்கும்."

வேகத்தடை

கத்திக்கொண்டே நிற்கும். அதை வைத்துக்கொண்டுதான் மூன்று மணி நேரம் ஓட்டினேன். உள்ளே வந்து பாப்பாவைப் பார்ப்பேன், கேட்டுக்குப் போய்த் தெருமுனையைப் பார்ப்பேன், திரும்ப உள்ளே. ஜெபமாலை முடிந்தது. கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த அத்தனை ஜெபமும் முடிந்து, அசெம்பிளியில் சொல்லும் உறுதிமொழி வரைக்கும் வந்துவிட்டேன். வேறு ஏதேதோ வண்டிகள் மெயின் ரோட்டில் போயின. எதுவும் கத்தவில்லை. பதினொன்றேகால் ஆனது. இருபது ஆனது.

க்ர்ர்ரீஈச்.

ஒரு கோளாறான சத்தத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன சர்வீஸ் அட்வைஸர் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜெரால்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கையில் கவரைத் திணித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேடை, காலி மனையை, ஆரஞ்சு வண்டியை, ஏழு மணி முறுக்கை. அவர் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி முழுக்க 'எம் பொண்டாட்டியே எனக்கு ரெண்டாவது வண்டி வாங்கிக் குடுத்தா'ன்னு சொல்லிட்டுத் திரியறேன். கடைசில அது வாட்ச்மேனா?" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஒண்ணு போதுங்க, இன்னொண்ணை வித்துடலாம்" என்றேன். அவர் எனக்குப் பின்னால் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயம் பயம்னு சொன்ன. பாப்பா உள்ள தூங்குது, கேட்டு தொறந்து கெடக்கு, கதவும் தொறந்து கெடக்கு. எவ்ளோ நேரமா இப்படி இருக்கு ஷெர்லி?"

மிச்சம்

எட்டு மணியிலிருந்து. கதவு என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் அந்த இரண்டாவது வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். இந்த முறை நான் பின்னால் உட்கார்ந்து, சத்தத்தைக் காதால் கேட்டு, நம்பரைக் கண்ணால் பார்த்து எழுதினேன். பாஸ்கர் அண்ணன் கவரைக் கேட்டு வாங்கி, நான் தூக்கிப் போடச் சொன்ன அதே பேடை அதில் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. "ஒரே மாதிரி ரெண்டு வண்டி வச்சதுல ஒனக்குக் கெடச்ச லாபம் இது ஒண்ணுதாம்மா. இத்த கயட்டி அத்துல மாட்டலாம்."

அடுத்த வாரமே அது விற்றுப் போய்விட்டது. வாங்கியவர், நமது ஏலகிரி கஸ்டமரின் ஆபீஸ் நண்பர். சேற்றைப் பார்த்து மயங்கியவர். இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று ஒர்க்‌ஷாப்பில் ஜெரால்டைக் கேட்டார்கள். யோசித்து, "சாவிதான்" என்றார். இப்போது இரண்டாவது ஷிஃப்ட் வாரங்களில் போர்ட்டிகோ பழையபடி காலி. முந்தாநாள் அதைப் பார்த்த கோமதி அக்கா, மாவை இன்னும் ஒரு கரண்டி கூடவே போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா! உங்க வீட்டுக்காரருக்கு ஒருவழியா வேலை கெடைச்சிடுச்சா?"

ஒரே மாதிரி இரண்டு வண்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்டது இவ்வளவுதான்: நிற்கிற வண்டியை வைத்துக் கோமதி அக்காவை ஏமாற்றலாம், திருடனைக்கூட ஏமாற்றலாம், ஆனால் என் பயம் என்னவோ ஓடுகிற வண்டியில்தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் இதோ வேகத்தடையில் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, "இன்னுமா எழுதற?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டது, நானும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.